அவர் கொப்பியில் எழுதிய இரண்டு சொல்

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதம் இது. அவர் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 54 வயது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) 22 வருடம் ஆயாவாக இருந்தேன். வீட்டுக்காரருக்கு 60. ஃபெக்டரியில் வேலை செய்தவர். இளவயதிலிருந்தே வெற்றிலையும் புகையிலையும் போடுவார். வாயில் புற்றுநோய் வந்து இரண்டு வருடத்துக்கு முன் மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கரண்டும் (கதிர்ச் சிகிச்சை) வைத்தார்கள். இப்போது கழுத்திலும் நெஞ்சிலும் திரும்ப வந்திருக்கிறது. இனி வெட்ட முடியாது, மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொன்னாராம். மகன்தான் சிங்களத்தில் கேட்டு வந்து சொன்னான்.

நான் அவரை இந்தியாவுக்குக் கொண்டுபோகப் போகிறேன். நகையை அடகு வைத்துவிட்டேன், அவருடைய ஈபிஎஃப் காசு கொஞ்சம் இருக்கிறது. அவருக்குப் பேச்சு வராது, கொப்பியில் எழுதுவார். போவோமா என்று கேட்டால் 'உன் இஷ்டம்' என்று எழுதிவிட்டு இஸ்தோப்பில் (திண்ணையில்) போய் உட்கார்ந்துகொள்வார். வலிக்கிறதா என்றால் இல்லை என்று தலையாட்டுவார். ராத்திரியில் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும். மூன்று வயதில் தாயைப் பறிகொடுத்துப் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவர் அவர். தகப்பன் செத்தபோதும் அழவில்லை. இத்தனை நோயிலும் ஐந்து மணிக்கு எழும்பி எனக்குச் சாயத்தண்ணி ஊற்றி வைக்கிறார்.

நான் அப்படியில்லை. அவர் ஒரு நாள் லேட்டாக வந்தாலே பதறுவேன். என்னை வளர்த்த அம்மாயி (அம்மாவின் அம்மா) 1978ல் எனக்கு 7 வயதாக இருக்கும்போது ஹட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு வருவேன் என்றவர் வரவேயில்லை. போன கிழமை மகள் கேட்டாள்: 'அம்மா, நீங்க அப்பாவுக்காகப் போறீங்களா, உங்களுக்காகப் போறீங்களா?' அன்றிலிருந்து தூக்கமில்லை. நான் சுயநலக்காரியா?"

அன்புள்ள அக்கா,

உங்களைவிடச் சில வயது இளையவள் நான், அதனால் அக்கா என்றே கூப்பிடுகிறேன்.

நீங்கள் சுயநலக்காரி இல்லை. இத்தனை காலம் கூட வாழ்ந்தவர் போய்விடுவாரோ என்று பதறுவதற்குப் பெயர் சுயநலம் இல்லை. மகளும் அதைச் சொல்ல வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவள் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வி உங்களுக்குள்ளும் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படிச் சுட்டிருக்காது.

உங்கள் முழுக் கடிதம் நாலு பக்கம். டாக்டர் சொன்னது, மகன் சொன்னது, மகள் கேட்டது, சொந்தக்காரர்கள் விசாரித்துச் சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. நோயாளி சொன்னதாக இருப்பது இரண்டே சொல்தான். திரும்பத் திரும்ப வாசித்தும் என் கண் அங்கேயே போய் நின்றது. இந்தியாவுக்குப் போகலாமா வேண்டாமா என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது என் வேலையும் இல்லை. அந்த இரண்டு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் புத்தகத்தில் படித்ததை நீங்கள் பிள்ளைக் காம்பராவில் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, நேரமாகிவிட்டது என்று அம்மாக்காரி பிள்ளையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள். ஒரு பிள்ளை கொஞ்ச நேரம் அழும், அப்புறம் விளையாடும். பால் கொடுக்க அம்மா வந்ததும் பாய்ந்துபோய் ஒட்டிக்கொண்டு சமாதானமாகிவிடும். இன்னொரு பிள்ளை அம்மா வந்த பிறகும் அடங்காது. மறுபடி போய்விடுவாளோ என்று சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பால் குடிக்கும்போதே விம்மும். மூன்றாவது பிள்ளை இருக்கிறதே, அது அம்மா போனாலும் பார்க்காது, வந்தாலும் பார்க்காது. மூலையில் உட்கார்ந்து பால்மா டின்னை உருட்டிக்கொண்டிருக்கும். 'தங்கமான பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை' என்று எல்லோரும் அதைத்தான் மெச்சுவார்கள்.

ஜோன் பவுல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் இந்த ஒட்டுதலைத்தான் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டார். அவரோடு வேலை செய்த மேரி எயின்ஸ்வர்த் முதலில் உகண்டாவிலும், பிறகு அமெரிக்காவில் பால்டிமோரிலும் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடுவீடாகப் போய்க் கவனித்தார். நீங்கள் பார்த்த அதே மூன்று வகையைத்தான் அவரும் பிரித்துச் சொன்னார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த மூன்றாவது பிள்ளையின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். வெளியே கல்லு மாதிரி இருந்த பிள்ளைக்கு உள்ளே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அழுதால் ஆள் வராது என்று அது கற்றுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பயம் அப்படியே உள்ளே இருந்தது.

1987ல் சிண்டி ஹாஸன், பிலிப் ஷேவர் என்ற இருவர், வளர்ந்தவர்கள் தங்கள் துணையோடு ஒட்டிக்கொள்வதும் இதே மாதிரித்தான் என்று எழுதினார்கள். துணை நல்லபடியாக இருக்கும் வரை இதெல்லாம் வெளியே அவ்வளவாகத் தெரியாது. துணை படுத்துவிட்டால், நமக்குள் அமுங்கிக் கிடந்த பிள்ளை எழும்பிவிடும்.

ஒரு கடிதத்தை வைத்து உங்களையோ அவரையோ இன்ன வகை என்று முத்திரை குத்த எனக்கு உரிமையில்லை. மனிதர்கள் அப்படி ஒரு பெட்டிக்குள் அடங்குவதும் இல்லை. ஆனால் அம்மாயி கதையையும், அவர் தாயில்லாமல் வளர்ந்த கதையையும் நான் கேட்காமலேயே எழுதியது நீங்கள்தான். இரண்டும் இந்த விஷயத்தோடு சம்பந்தப்பட்டவை என்று உங்கள் மனதுக்குத் தெரிந்திருக்கிறது.

இலங்கையும் இந்தியாவும் 1964ல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில், இங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு தலையாக உங்கள் அம்மாயி போனார். ஸ்டேஷனில் நின்ற 7 வயதுப் பிள்ளையிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நீங்கள் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தால் அவர் போயிருக்க மாட்டாரோ என்று எப்போதாவது நினைத்திருக்கிறீர்களா? அந்த வயதில் பிரிந்த பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் டாக்டர் 'வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம்' என்று சொன்னது உங்கள் காதில் 'கையை விடு' என்று விழுகிறது. இந்த முறை விடமாட்டேன் என்று நகையைக் கழற்றி வைத்துவிட்டீர்கள்.

அவர் பக்கம் பாருங்கள். மூன்று வயதில் தாய் போய்விட்டாள். பெரியம்மா வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக, கேட்காத பிள்ளை, அழாத பிள்ளை என்று பெயர் எடுத்து வளர்ந்திருப்பார். தனக்கு ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது அவருக்குப் பழக்கமே இல்லை. இப்போது வாயும் போய்விட்டது.

இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரு மருத்துவ முடிவுக்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று இத்தனை வருடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். ஒருவர் பயத்தில் இன்னொரு டெஸ்ட், இன்னொரு ஊர், இன்னொரு டாக்டர் என்று இழுப்பார். மற்றவர் வலியை மறைப்பார். கிளினிக்கில் 'பரவாயில்லை' என்று தலையாட்டுவார், டாக்டரும் அதை நம்பிப் பழைய மாத்திரையையே எழுதிவிடுவார். இவர் இழுக்க இழுக்க அவர் இஸ்தோப்புப் பக்கம் ஒதுங்குவார். அவர் ஒதுங்க ஒதுங்க இவருக்குப் பயம் கூடும். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். ஆனாலும் நோயாளிக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு ஆஸ்பத்திரியில் நான் வேலை செய்த நாட்களில், மனைவிக்குச் சாப்பாடு கொண்டுவரும் ஒருவர் டிஃபன் கெரியரை வார்டு வாசலில் நர்ஸிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலேயே திரும்பிப் போவார். மூக்கால் குழாய் போட்டு உணவு கொடுக்கலாமா என்று கேட்டபோது, கேள்வி முடிவதற்குள் 'வேண்டாம், கஷ்டப்படுத்த வேண்டாம்' என்றார். எல்லோரும் அவரைப் பக்குவமானவர் என்றார்கள். பிறகு அந்த அம்மாவிடமே கேட்டோம். குழாய் போடச் சொன்னார். மகளுக்குப் பிள்ளை பிறக்க ஆறு கிழமை இருந்தது, அதுவரை இருக்க ஆசைப்பட்டார். கணவருக்கு அந்த வார்டுக்குள் நிற்க முடியவில்லை, அதனால் சீக்கிரம் முடிகிற பதிலைச் சொல்லியிருந்தார். இறுக்கிப் பிடிக்கிறவர் மட்டும்தான் பிழை விடுவார் என்று நினைக்காதீர்கள்.

கூடவே வாழ்ந்தவருக்குத் துணையின் மனது தெரியாதா என்று கேட்பீர்கள். நோயாளி என்ன சிகிச்சையை விரும்புவார் என்று நெருங்கியவர்களிடம் கேட்டு, நோயாளி சொன்ன பதிலோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளை 2006ல் ஒன்றாகத் திரட்டினார்கள். நெருங்கியவர்கள் சரியாகச் சொன்னது 68 வீதம்தான். மூன்று தடவையில் ஒரு தடவை பிழை. 'எனக்கு என்றால் நான் என்ன கேட்பேன்' என்பதையே அவருடைய விருப்பம் என்று நாம் எடுத்துக்கொண்டுவிடுகிறோம். அன்பு குறைவாக இருப்பதால் வருகிற பிழை இல்லை இது.

ஆனால் அக்கா, இப்படி ஊகிக்க வேண்டிய நிலை மயக்கத்தில் கிடக்கும் நோயாளியின் வீட்டாருக்குத்தான். உங்களுக்கு அந்தத் தேவையே இல்லை. அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, கை எழுதுகிறது, காது கேட்கிறது. இந்த முடிவு அவருடையது. அவர் வாயிலிருந்து, சரி, அவர் பேனையிலிருந்து அதை வாங்குவதுதான் இப்போது உங்கள் வேலை.

'உன் இஷ்டம்' என்பதை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சம்மதமாகவும் இருக்கலாம். 'எனக்கு வேண்டாம், ஆனால் நீ அழுவதைப் பார்க்க முடியவில்லை' என்பதாகவும் இருக்கலாம். 'என்ன நடக்கப் போகிறது என்றே எனக்கு யாரும் சொல்லவில்லையே' என்பதாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதை நான் பெரிதாக நினைக்கிறேன். டாக்டர் சொன்னதை மகன் கேட்டு, தனக்குத் தாங்க முடிந்ததை மட்டும் உங்களிடம் சொல்லி, அதில் உங்களுக்குத் தாங்க முடிந்ததை மட்டும் நீங்கள் அவரிடம் சொல்லியிருப்பீர்கள். மூன்று கை மாறி அவரிடம் என்ன போய்ச் சேர்ந்ததோ! தமிழும் 1987லிருந்து இந்த நாட்டின் அரச கரும மொழிதான். அடுத்த கிளினிக்கில் தமிழ் தெரிந்த டாக்டரையோ நர்ஸையோ கூட நிற்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். மகன் பக்கத்தில் மகனாக மட்டும் இருக்கட்டும். பெற்ற தகப்பனின் உயிர்ச் செய்தியை மொழிபெயர்க்கிற பாரத்தை அந்தப் பிள்ளை தலையில் வைத்திருக்கிறோம்.

இனி, எப்படிக் கேட்பது.

முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு கேட்காதீர்கள். அவரைப் போன்றவருக்கு அது கதவைச் சாத்துகிற மாதிரி. உங்கள் கண்ணைப் பார்த்ததுமே உங்களைத் தேற்றுகிற பதிலைத்தான் எழுதுவார். காலையில் ஐந்து மணிக்கு அவர் அடுப்படியில் நிற்கிறாரே, அந்த நேரம் நல்லது. லயத்து வரிசை வீடுகள் முழித்திருக்காது. நீங்களும் எழும்பிப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் ஊற்றித் தரும் சாயத்தண்ணியைக் குடியுங்கள். உங்களை நேசிக்கிறேன் என்று அவர் 32 வருடமாகச் சொல்லிவருவது அந்தக் கோப்பையால்தான். இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு கேள்வி.

'சாவுக்குப் பயமா?' என்று தொடங்க வேண்டாம். 'இந்த நோயில் எதை நினைத்தால் உங்களுக்குக் கூடுதலாகப் பயம்?' என்று கேட்கலாம். மூச்சு முட்டுவதா, வலியா, ஊர் தெரியாத இடத்தில் கிடப்பதா, உங்களைக் கடனில் விட்டுப் போவதா என்று அவருக்குள் ஒன்று இருக்கும். கேட்டுவிட்டு, 'இப்ப எழுத வேண்டாம், எழுதிக் கொப்பியை வெற்றிலைத் தட்டுக்குக் கீழே வையுங்க' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். உங்களுக்கு அந்தப் பகல் முழுவதும் நெருப்பில் நிற்கிற மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் பதிலை நெருங்கி வருவதற்கு அந்த இடைவெளி தேவை.

இரண்டு நாள் கழித்து அடுத்த கேள்வி: 'இனி வருகிற மாதங்களில் உங்களுக்கு எது இருந்தால் நல்ல நாள்?' அதற்கப்புறம், 'எதை மட்டும் உங்களுக்குச் செய்யக் கூடாது?' இந்தியா, மருந்து ஏற்றுவது, குழாய் என்ற பேச்சையெல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகு எடுங்கள். அவர் பதிலை வைத்துத்தான் சிகிச்சையை அளக்க முடியும்.

அழுகை வரும். வரட்டும். முதல் அழுகையை உங்கள் அக்கா தங்கையிடமோ, நம்பிக்கையான ஒருத்தியிடமோ அழுதுவிட்டு வாருங்கள். அவர் முன்னால் அழுகை வந்துவிட்டால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: 'நான் அழுவேன், ஆனா அதுக்காக நீங்க பொய் சொல்ல வேணாம். உண்மையைச் சொன்னா நான் உடைஞ்சு போயிட மாட்டேன்.' ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார். அவர் ஏதாவது எழுதிக் காட்டும்போது நீங்கள் வாதாடாமல் இருந்தால், மெதுவாக நம்புவார்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை மகளிடம் சொல்லிக் கொப்பியில் முன்பே எழுதி வையுங்கள். மருந்து ஏற்றினால் கிடைப்பது கிழமைகளா மாதங்களா, அந்தக் காலத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போகும்? விழுங்க முடியாமல் போனால் வயிற்றில் குழாய் போடுவதா, மூக்கிலா, போடாமல் விடுவதா? கழுத்துக் கட்டி மூச்சை அடைத்தால் தொண்டையில் துளை போடுவது உதவுமா? வீட்டில் திடீரென்று இரத்தம் வந்தால் நாங்கள் என்ன செய்வது? கடைசிக் கேள்வியைக் கேட்க மனசு வராது. ஆனால் கழுத்தில் வந்த நோய்க்கு அதைக் கேட்டே ஆக வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு லயத்தில் நின்று தவிப்பதைவிட, பகலில் டாக்டர் அறையில் தவிப்பது மேல். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும். உங்கள் லயத்துக்கு மேலே பாதை சரியில்லாவிட்டால் எந்த இடத்துக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டும் என்று இப்போதே பேசிவையுங்கள்.

ராத்திரியில் பல்லைக் கடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அதை அடுத்த கிளினிக் வரை வைத்திருக்க வேண்டாம். அது வலியாக இருக்கலாம். நாளைக்கே தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ சொல்லுங்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது என்று அவருக்குச் சொல்லி, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு இலக்கத்தைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். 'வலிக்குது' என்று சொல்லக் கூசுகிற மனிதர்கூட 7 என்று எழுதிவிடுவார். மோர்ஃபின் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது, பழகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். புற்றுநோய் வலிக்கு அதை டாக்டர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் கொடுக்கும்போது அந்தப் பயம் தேவையில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

வலி தணிக்கும் சிகிச்சை என்றால் கைவிடுவது என்று நினைக்கிறீர்கள். 2010ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 151 பேரில், வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பராமரிப்பும் ஆரம்பத்திலேயே கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு. அப்படியிருந்தும் அவர்கள்தான் கூடுதல் காலம் இருந்தார்கள், நடுத்தர அளவில் மற்றவர்கள் 8.9 மாதம், இவர்கள் 11.6 மாதம். அது வேறு நோய், உங்கள் வீட்டுக்கு அந்த மாதக் கணக்கு பொருந்தாது. ஆனால் 'கையை விடு' என்று நீங்கள் கேட்ட அந்த வார்த்தைக்கு அப்படி ஓர் அர்த்தம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தியா பற்றி ஒரு வார்த்தை. ஆளைக் கொண்டுபோவதற்கு முன் கடதாசிகளை அனுப்பலாம். டயக்னோசிஸ் கார்டு, பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் படங்கள், எத்தனை நாள் கரண்ட் வைத்தது என்ற விவரம் எல்லாவற்றையும் அங்கே ஒரு புற்றுநோய் டாக்டருக்குக் காட்டி, 'இங்கே சொன்னதைவிட வேறு ஏதாவது உங்களால் செய்ய முடியுமா?' என்று கேட்கச் சொல்லுங்கள். அதுவரை மிச்ச நகையில் கை வைக்க வேண்டாம். அங்கே உண்மையாகவே வேறு வழி இருந்து, அவரும் போவோம் என்று எழுதினால், போய்வாருங்கள். அப்போது அந்தப் பயணம் இரண்டு பேருடையதாகவும் இருக்கும்.

அவர் வேண்டாம் என்று எழுதினால்? அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் என்ன ஆவீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. 7 வயதுப் பிள்ளை ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் அம்மாயி போனபோது உங்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. இப்போது நிறைய இருக்கிறது. கஞ்சியை எவ்வளவு தண்ணியாக்கினால் அவருக்கு இறங்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். வாய்ப்புண்ணைக் கழுவிவிட, தலையணையை உயர்த்தி வைக்க, வலி இலக்கம் கூடினால் ஆஸ்பத்திரியில் சண்டை போட உங்கள் கை வேண்டும். இறுக்கிப் பிடிக்கிற அந்த கையை இதற்கெல்லாம் கொடுங்கள்.

மகளோடு பேசுங்கள். 'நீ கேட்டது எனக்கு வலிச்சுது, ஆனா சரியான கேள்வி' என்று சொன்னால் போதும், மீதியை அவளே பேசுவாள். தூக்கமில்லாத ராத்திரிகளில் தனியாகக் கிடந்து உழல வேண்டாம். 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் அழைக்கலாம்.

அவர் எழுதியது இரண்டு வரியாக இருந்தாலும் சரி, இரண்டு பக்கமாக இருந்தாலும் சரி, அந்தத் தாளைக் கிழித்து எடுக்காமல் கொப்பியோடு அடுத்த கிளினிக்குக் கொண்டுபோங்கள். டாக்டர் கேட்கும்போது நீங்களோ மகனோ பதில் சொல்லாமல், கொப்பியை விரித்து, அவர் கையிலேயே கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை,
உளவளத்துணையாளர், ஹட்டன்